டர்போ சி-யில் எழுதிய ரைஸ்மில் புரோகிராம்: புது கம்பைலரில் ஏற்றினால் தரவு கோணலாகிறது

மன்னை_மில்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு ரைஸ்மில். நெல் வரவு, அரவைக் கூலி, சிட்டை எல்லாம் 1990-களில் ஒருவர் டர்போ சி-யில் (போர்லாண்ட் கம்பெனியின் பழைய சி கம்பைலர், நிரலை இயக்கக் கோப்பாக மாற்றித் தருவது) எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராமில்தான் இன்றைக்கும் ஓடுகிறது. எழுதியவர் இப்போது இல்லை. கஜா புயலில் ஆபீஸ் கூரை போய் பழைய கணினி நனைந்தது. அதற்கப்புறம் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் காலம் ஓட்டினோம், போன மாதம் அதுவும் படுத்துவிட்டது. புது லேப்டாப் 64 பிட், அதில் இயக்கக் கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது.

நல்லவேளையாக மூல நிரல் ஒரு சிடியில் இருக்கிறது. 9 சி கோப்புகள், ஒரு ஹெட்டர், ஒரு புராஜெக்ட் கோப்பு. மிங்டபிள்யூ ஜிசிசி என்ற புது கம்பைலரில் போட்டேன், நூற்றுக்கணக்கில் எர்ரர். பழைய 16 பிட் டாஸ் நினைவக முகவரிகளுக்கு (பாயிண்டர்) மட்டும் வரும் 'ஃபார்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அழித்தேன், திரையைத் துடைக்கிற, கர்சரை நகர்த்துகிற ஃபங்ஷன்களை நானே எழுதினேன், கடைசியில் கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் பழைய தரவுக் கோப்பைத் திறந்தால் எல்லாம் கோணல். முதல் பதிவு கோடவுன் இருப்பு, சிட்டை எண் 1. ஆங்கிலத்தில் 'கோடவுன்' என்று வர வேண்டியது முதல் இரண்டு எழுத்து போய் வெறும் 'டவுன்' என்று வருகிறது, சிட்டை எண் 1330053121 என்கிறது. அடுத்த பதிவிலிருந்து ஒன்றுமே புரியவில்லை.

தை பிறந்தால் சம்பா அறுவடை, வண்டி வந்துகொண்டே இருக்கும். அதற்குள் லாரி எண் போட ஒரு இடமும் சேர்க்க வேண்டும் என்கிறார் பெரியப்பா. எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருவாரூர்_தேர்:

டாஸ்பாக்ஸ் (புது கணினியில் பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டு பழைய இயக்கக் கோப்பையே ஓட்டுங்கள் தம்பி, எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்தது, அச்செடுக்க வழி இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் எடுங்கள், அதில் பேரலல் போர்ட்டைப் பிரிண்டருக்கோ ஒரு கோப்புக்கோ திருப்பிவிடலாம். லாரி எண்ணை சிட்டை மேல் பேனாவால் எழுதினால் போதாதா.

குடந்தை8086:

தேர் சொல்வது இந்த சீசனைத் தாண்டுவதற்குச் சரி, அதை இன்றைக்கே செய்துவிடுங்கள். ஆனால் நிரலைத் திருத்தியே ஆக வேண்டும் என்றால் நீங்கள் பிடித்த வரிசை தலைகீழ். நானும் கும்பகோணத்தில் இரண்டு பாத்திரக் கடைகளுக்கு இதே வேலையைச் செய்து அடிபட்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் 1330053121. அதைக் கால்குலேட்டரில் ஹெக்ஸாக (16-அடிமான எண்ணாக) மாற்றுங்கள், 4எஃப்470001 என்று வரும். கடைசி நான்கு இலக்கம் 0001, அதுதான் உங்கள் உண்மையான சிட்டை எண். 47 என்பது ஆங்கில 'ஜி', 4எஃப் என்பது 'ஓ'. காணாமல் போன இரண்டு எழுத்தும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. டர்போ சி-யில் 'இன்ட்' (முழு எண்) 2 பைட், ஜிசிசி-யில் 4 பைட். எண்ணைப் படிக்கப் போன புது புரோகிராம் பெயரிலிருந்து இரண்டு பைட்டைச் சேர்த்து விழுங்கிவிட்டது. அதோடு ஜிசிசி தன் வசதிக்கு ஸ்ட்ரக்சருக்குள் (ஒரு பதிவின் அமைப்பு) இடைவெளியும் விடும், டர்போ சி சும்மா விட்டால் அப்படி விடாது. உங்கள் ஹெட்டரில் உள்ள ஸ்ட்ரக்சரை இங்கே போடுங்கள்.

அப்புறம், புது கம்பைலர் பக்கமே இன்னும் போகாதீர்கள். சிடியில் இருக்கும் நிரல்தான் மில்லில் ஓடிய இயக்கக் கோப்பின் நிரல் என்பதற்கு என்ன சாட்சி? எழுதியவர் கடைசியாக வந்தபோது அங்கேயே உட்கார்ந்து எதையாவது மாற்றியிருப்பார், அது சிடிக்கு வந்திருக்காது. எனக்கு ஒரு கடையில் இப்படித்தான் ஆனது. வரி கணக்கிடும் ஒரு வரியே நிரலில் இல்லை, இரண்டு வாரம் என் கம்பைலரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதனால் டாஸ்பாக்ஸுக்குள் அதே பழைய டர்போ சி-யை வைத்து முதலில் கம்பைல் செய்யுங்கள். எந்தப் பதிப்பு என்று தெரியாவிட்டால் புராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறங்கள். கோப்புப் பெயர்கள் பளிச்சென்று வரிசையாகத் தெரிந்தால் டர்போ சி 2.01 அல்லது அதற்கு முந்தையது, கிறுக்கலாகத் தெரிந்தால் டர்போ சி++. பழைய இயக்கக் கோப்புக்குள் தேடினாலும் போர்லாண்டின் காப்புரிமை வரி ஆண்டோடு கிடைக்கும். டர்போ சி 2.01-ஐ போர்லாண்டே பின்னாளில் இலவசமாக விட்டது. பழையதும் நீங்கள் கட்டியதும் ஒரே தரவுக் கோப்பில் ஒரே அறிக்கையை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுக்கிறதா பாருங்கள். கொடுத்தால்தான் அடுத்த படி.

அடுத்த படி ஓபன் வாட்காம் என்ற கம்பைலர். உங்கள் 64 பிட் விண்டோஸிலேயே உட்கார்ந்துகொண்டு 16 பிட் டாஸ் இயக்கக் கோப்பை அதில் உருவாக்கலாம். 'இன்ட்' 2 பைட்டாகவே இருக்கும், 'ஃபார்' பாயிண்டரும் அப்படியே வேலை செய்யும், அழிக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரக்சரை ஒரு பைட்டுக்கு நெருக்கி அடுக்கச் சொல்லும் இசட்பி1 என்ற சுவிட்சை மறக்காமல் போடுங்கள். திரையைத் துடைக்க, கர்சரை நகர்த்த டர்போ சி-யின் கோனியோ ஹெட்டரில் உள்ள ஃபங்ஷன்கள் அதில் கிடையாது, கிராஃப் ஹெட்டரில் ஈடானவை உண்டு. இங்கே ஒரு குழி இருக்கிறது: டர்போ சி-யில் கர்சரை நகர்த்தும்போது முதலில் பத்தி, பிறகு வரி. வாட்காமில் முதலில் வரி, பிறகு பத்தி. மாற்றாமல் விட்டால் மெனு முழுக்கக் குறுக்கே படுத்துவிடும். 'லாங் டபுள்' எங்காவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், டர்போவில் அது 10 பைட், வாட்காமில் 8.

மன்னை_மில்காரன்:

ரொம்ப நன்றி சார். அந்த ஹெக்ஸ் விஷயம் படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை, எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாக மாற்றிப் பார்த்தேன்.

ஸ்ட்ரக்சர் இப்படி: சிட்டை எண் இன்ட், பெயர் 25 எழுத்து, ஊர் 15 எழுத்து, நெல் ரகம் இன்ட், மூட்டை இன்ட், விலை ஃப்ளோட் (4 பைட்), தொகை டபுள் (8 பைட்). கூட்டினால் 58 பைட். தரவுக் கோப்பு 2,43,948 பைட், 58-ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் 4206 பதிவு வருகிறது. ஜிசிசி இதே ஸ்ட்ரக்சரை 64 பைட் என்கிறது.

புராஜெக்ட் கோப்பு படிக்க முடிந்தது, அதனால் டர்போ சி 2.01. டாஸ்பாக்ஸில் கட்டினேன், அறிக்கை அச்சு அசல் அப்படியே வந்தது. வெளியேறும்போது மட்டும் திரையில் 'நல் பாயிண்டர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி வருகிறது. பெரியப்பாவிடம் கேட்டால், "அது ஆரம்பத்திலிருந்தே வரும்டா, புரோகிராம் முடிந்தது என்று சொல்கிறது" என்கிறார்!

குடந்தை8086:

58 சரிதான். 25-உம் 15-உம் கூடி இரட்டைப்படை எண் ஆகிவிட்டதால் 16 பிட்டில் இசட்பி1 போடாமலேயே தப்பித்திருப்பீர்கள், ஆனாலும் போட்டு வையுங்கள். 32 பிட்டுக்குப் போகும் அன்றைக்கு எல்லா 'இன்ட்'டையும் 'ஷார்ட்' ஆக்கி ஸ்ட்ரக்சரை நெருக்கி அடுக்கச் சொல்லும் பேக் பிராக்மாவை 1 என்று வைத்தால் அங்கேயும் 58 வரும்.

லாரி எண்ணை இந்த ஸ்ட்ரக்சருக்குள் திணிக்காதீர்கள். 4206 பதிவையும் மாற்றி எழுத வேண்டி வரும், நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. சிட்டை எண்ணும் லாரி எண்ணும் மட்டும் உள்ள தனிக் கோப்பு ஒன்று போதும்.

காவேரிக்கரை_பிழைதிருத்தி:

அந்த நல் பாயிண்டர் வரியை விடாதீர்கள், அது 'முடிந்தது' என்று சொல்லவில்லை, 'யாரோ என் வீட்டுக்குள் புகுந்தார்கள்' என்று சொல்கிறது, அதாவது பூஜ்ய முகவரியில் ஏதோ எழுதப்பட்டிருக்கிறது. ஸ்மால், மீடியம் மாடலில் (நினைவகத்தைப் பிரித்துக்கொள்ளும் முறைகள்) டர்போ சி தரவுப் பகுதியின் தொடக்கத்தில் தன் காப்புரிமை வரியை வைத்திருக்கும். புரோகிராம் முடியும்போது அந்த இடம் மாறியிருக்கிறதா என்று கூட்டிப் பார்த்து, மாறியிருந்தால் இந்த வரியைக் காட்டும். எங்கே மாறியது என்பதைச் சொல்லாது.

கண்டுபிடிக்க இரண்டு வழி. டர்போ டீபக்கர் என்ற பிழைதேடும் கருவியில் அந்த முகவரி மாறும் இடத்தில் நிற்கச் சொல்லலாம், மெதுவாக ஊரும். எனக்குப் பிடித்தது, பிழை தேடுவதற்காக மட்டும் டிஜேஜிபிபி-யில் ஒரு தடவை கம்பைல் செய்வது. அது டாஸில் ஓடும் 32 பிட் ஜிசிசி. கோனியோ ஃபங்ஷன்கள் பெரும்பாலும் அதே பெயரில் இருக்கும். திரை நினைவகத்தில் நேரடியாக எழுதும் இடங்களை மட்டும் அதன் ஃபார்போக் ஃபங்ஷன்களுக்கு மாற்ற வேண்டும். பூஜ்ய முகவரியில் கை வைத்த நொடியே புரோகிராம் செத்து விழும், முகவரிகளைத் திரையில் கொட்டும். மைனஸ் ஜி என்ற சுவிட்சைப் போட்டுக் கம்பைல் செய்துவிட்டு, அந்தத் திரை நிற்கும்போதே சிமிஃபை என்ற குட்டிக் கருவியை ஓட்டினால் முகவரிக்குப் பக்கத்தில் கோப்புப் பெயரும் வரி எண்ணும் வந்துவிடும். டாஸ்பாக்ஸில் ஓட்டும்போது சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ கோப்பைப் பக்கத்தில் வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டிபிஎம்ஐ (டாஸில் 32 பிட் புரோகிராம் ஓடத் தேவையான இடைமுகம்) இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

ஒன்று மட்டும். டிஜேஜிபிபி-யில் கட்டியதை மில்லில் வைக்காதீர்கள். இன்ட் பெரிதானதால் சில பிழைகள் தானாக மறையும், மறைந்தது தெரியாமல் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

மன்னை_மில்காரன்:

அண்ணா, பிடித்துவிட்டேன். அச்சடிக்கும் கோப்பில் தலைப்பு வரிக்கு ஒரு கேரக்டர் பாயிண்டர், அதற்கு இடமே ஒதுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அன்றைய தேதியை அங்கே காப்பி செய்கிறது. ஆக, எங்கள் மில் தேதி இத்தனை வருடமாக போர்லாண்டின் காப்புரிமை வரி மேல் விழுந்துகொண்டிருந்தது. 20 எழுத்துக்கு ஒரு அரே வைத்தேன், அந்த வரி போய்விட்டது. பெரியப்பாவுக்கு அதுதான் வருத்தம், முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் என்கிறார்.

நீங்கள் கடைசியாகச் சொன்னதைப் படித்த பிறகு டிஜேஜிபிபி, டர்போ இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து வேண்டுமென்றே பெரிய எண்களாகப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு: ஒரே விவசாயி 500 மூட்டைக்கு மேல் கொண்டு வந்தால் இரண்டு சிட்டையாகத்தான் போட வேண்டும். கணக்குப்பிள்ளையிலிருந்து எடை போடுபவர் வரை எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. வரி விவகாரம் என்று நான் நினைத்திருந்தேன். நிரலில் மூட்டையை 60-ஆல் பெருக்கி கிலோவை இன்ட்டில் போட்டிருக்கிறார். 2 பைட் இன்ட்டில் 32767-க்கு மேல் கொள்ளாது. 546 மூட்டை வரை 32760, பிரச்சினை இல்லை. 547 போட்டால் 32820 வர வேண்டும், டர்போவில் மைனஸ் 32716 கிலோ என்று வருகிறது. டிஜேஜிபிபி-யில் ஒழுங்காக வருகிறது. எழுதியவர் இதைப் பார்த்துவிட்டு, திருத்த நேரமில்லாமல் வாயால் ஒரு விதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

குடந்தை8086:

அடடா! அந்தப் பெருக்கலை லாங் (4 பைட் முழு எண்) ஆக்குங்கள். பெருக்கிய பிறகு லாங்கில் வைத்தால் போதாது, பெருக்கும்போதே இரண்டில் ஒன்று லாங்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழிந்த எண்தான் லாங்குக்குள் போகும். அச்சிடும் இடத்தில் சதவீதக் குறிக்கும் டி-க்கும் நடுவே ஒரு எல் சேர்க்கவும் மறக்காதீர்கள். 16 பிட்டில் அது விட்டுப்போனால் லாங்கின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வரியில் அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் தப்பாக அச்சிடும்.

மன்னை_மில்காரன்:

இரண்டும் செய்தாயிற்று சார். ஓபன் வாட்காமில் 16 பிட்டாகவே கட்டி டாஸ்பாக்ஸ்-எக்ஸில் ஓடுகிறது, மெனு ஒரு தடவை குறுக்கே படுத்தது, நீங்கள் சொன்னதால் பதறவில்லை. லாரி எண் தனிக் கோப்பில். நேற்று சும்மா 600 மூட்டைக்கு ஒரு சிட்டை போட்டு 36000 கிலோ என்று அச்செடுத்துப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், "கணக்கு சரி, ஆனா இதை ரெண்டாப் போட்டுக் கொடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.