மிதிச்சும் பிக்கப் வராத நேரம்: உங்க அனுபவம்?

பொள்ளாச்சிக்காரன்:
ஆழியாறு தாண்டி வால்பாறை ஏத்தம். 1.3 டீசல், உள்ள அஞ்சு பேர், பெட்டி வேற. பஸ் ஒதுங்கி, கண்டக்டர் கையை நீட்டி 'போ போ'ங்கறார். ரெண்டாவது கியர், ஆர்பிஎம் முள்ளு (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கறது) 1400. மிதிச்சேன், ஒண்ணும் நடக்கல. பஸ்ஸோட பின்சக்கர நட்டு ஒவ்வொண்ணும் என் ஜன்னலுக்கு நேரா சுத்துது. திடீர்னு டர்போ, அதான் புகையால சுத்தி எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கிற விசிறி, முழிச்சு முதுகை சீட்டுல அறைஞ்சப்ப அடுத்த கொண்டை ஊசி வந்தாச்சு. டார்க், அதான் சுழற்றுற விசை, 190 நியூட்டன் மீட்டர்னு சொல்லித்தானே வித்தாங்க, அது எங்க போச்சு?

கரன்ட்வண்டி:
அதுக்குத்தான் எலக்ட்ரிக். சென்னை ஓஎம்ஆர் ரோட்டு சிக்னல்ல பச்சை விழுந்ததும் பக்கத்துல நின்ன பெரிய எஸ்யூவி கண்ணாடியில புள்ளியாயிடுச்சு. நான் வந்தது சாதாரண கால் டாக்ஸி! டிரைவர் அண்ணன் போன்ல பேசிட்டே ஓட்டறார். மோட்டாருக்கு நின்ன இடத்துலயே முழு டார்க்.

பழையபெட்ரோல்:
டர்போவைத் திட்டாதீங்க பாஸ். 796 சிசி, 37 குதிரை வச்சுக்கிட்டு ஊட்டி ஏறிப் பாருங்க. 2,240 மீட்டர்ல காத்தோட அடர்த்தி அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுடும், டர்போ இல்லாத எஞ்சின்ல பவரும் ஏறக்குறைய அதே கணக்குல போயிடும். ஏசியை அணைச்சும் முதல் கியர்லயே முனகுச்சு. மாமனார் கதவைத் திறந்து, "மாப்ளே, நான் நடந்தே வர்றேன்"னார். இன்னிக்கும் கல்யாண வீட்டுல அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

கியர்பாக்ஸ்:
எனக்கும் ஏற்காட்டுல இப்படி ஆச்சு, விடுங்க. பொள்ளாச்சிக்காரரே, அந்த 190 வர்றது 2000 ஆர்பிஎம்ல. 1400-ல டர்போவைச் சுத்த வைக்கிற அளவுக்குப் புகையே போகாது. அதோட அது எஞ்சின்ல அளக்கற கணக்கு. சக்கரத்துக்குப் போறது கியர் பெருக்கித் தர்றதுதான், அதை வண்டி எடையால வகுங்க. அஞ்சு பேர்னா முந்நூறு கிலோவுக்கு மேல, ஏத்தம் தனி. முதல் கியருக்கு வந்து, முள்ளு 2000 தாண்டின பிறகு வெளிய எடுத்திருக்கணும். கரன்ட்வண்டி சொல்றதும் பாதிதான். அதுக்குப் பெரும்பாலும் ஒரே கியர். வேகம் ஏற ஏற டார்க் இறங்கிடும். ஹைவேல நூறுலேர்ந்து முந்திப் பாருங்க, சிக்னல்ல பார்த்த துள்ளல் இருக்காது. இன்னொண்ணு, ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க. டயர்ல காத்து...

பொள்ளாச்சிக்காரன்:
அண்ணே, ஃபில்டர் புதுசு. கண்டக்டர் பார்த்த பார்வையைத்தான் சொல்ல வந்தேன்.

மழைவண்டி:
பவர் இருந்தும் போகாத கதை ஒண்ணு. பெருங்களத்தூர் சர்வீஸ் ரோட்டுல மழை, மெயின் ரோட்டுக்கு ஏறணும். மிதிச்சா பாரம் பின்னாடி சாஞ்சு முன்சக்கரம் வழுக்கிச் சுத்துது, டாஷ்போர்டுல மஞ்ச விளக்கு மினுக்குது, வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. பின்னாடி தண்ணி லாரி, விடாம ஹாரன். இதுக்கு எந்தக் கியர் போடறதுண்ணே?