'நடை' என்ற சொல்லுக்கு ஒரே பதிவா, இரண்டா? உதவி தேவை

தமிழ் கற்பவர்களுக்காகச் சிறு சொற்பொருள் தொகுப்பு ஒன்றைத் தயாரித்து வரும் நான், மூன்று வாரங்களாக 'நட', 'நடை' ஆகிய சொற்களைக் கடக்க முடியாமல் நிற்கிறேன்.

'நட' ஓரளவு பிடிபடுகிறது. காலால் நடப்பதும் கல்யாணம் நடப்பதும் ஒரே வினை. 'மரம் நட வேண்டும்' என்பதில் வருவதோ 'நடு' என்ற வேறு வினையின் எச்சம் என்பதால் அதைத் தனியே வைத்துவிட்டேன்.

சிக்கல் 'நடை'யில்தான். தள்ளாடும் நடை, உரைநடை, 'கடைக்கு இரண்டு நடை போனேன்', கோயில் நடை சாத்துதல் என அது விரிந்துகொண்டே போகிறது. ஒரு மாணவர் 'இரண்டு நடை' என்பதை இரண்டு விதமாக நடந்ததாகப் புரிந்துகொண்டபோதுதான் என் விளக்கத்தின் குறை உறைத்தது.

பொருள்களை முதலில் பழமைப்படி அடுக்கினேன், கற்பவர்களுக்குப் பயன்படவில்லை. புழக்கத்தின்படி அடுக்கியபோது, உடலசைவிலிருந்து எழுத்து நடைக்குப் பொருள் விரிந்த தொடர்ச்சி அறுந்தது. எல்லாவற்றையும் தனித்தனிப் பதிவாக்கியதும் ஒரே வேர் என்பது மறைந்துபோனது.

தடவையைக் குறிக்கும் 'நடை'யையும் கோயில் வாயிலைக் குறிக்கும் 'நடை'யையும் ஒரே தலைச்சொல்லின் (அகராதிப் பதிவின் தொடக்கத்தில் வரும் சொல்) கீழ் வைப்பதா, தனித் தலைச்சொற்களாகப் பிரிப்பதா? அகராதிப் பணியில் பழகியவர்கள் காரணத்துடன் சொல்லுங்கள்.