மகள் வரப்போகிறாள், மனம் ஒரு நிலையில் இல்லை

எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டிலிருந்து ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறோம். எங்களுக்கு இதுதான் முதல் குழந்தை. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் உடன்படிக்கையின்படி இரண்டு நாடுகளும் சம்மதம் தந்துவிட்டன. அடுத்த மாதம் போய் அழைத்து வர வேண்டும்.

காத்திருந்தபோது சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. இப்போது இரவில் தூக்கமே வரவில்லை. இத்தனை நாள் அவளைத் தூக்கி வளர்த்த அம்மாவின் முகம், குரல், பேச்சு எல்லாம் ஒரே நாளில் அவளுக்கு இல்லாமல் போகப் போகிறது. அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. அவள் அழுதால் அது பிரிவுத் துயரம், எங்கள் மேல் வெறுப்பு இல்லை என்று புரிகிறது. ஆனாலும் என்னைத் தள்ளிவிட்டால் தாங்குவேனா? கணவர் வெளியே சொல்வதில்லை, அவருக்கும் இதே கலக்கம்தான்.

அவள் போர்வையைத் துவைக்காமல் கேட்டு வாங்கி வரப் போகிறோம், பழகிய வாசனை கூடவே இருக்கட்டும் என்று. அப்புறம், முதல் சில வாரங்கள் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் நாங்கள் இருவர் மட்டுமே என்று முடிவு செய்திருக்கிறோம். தூக்கிக் கொஞ்ச ஆசையாய் இருக்கும் சொந்தக்காரர்களிடம் இதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

தத்தெடுத்தவர்கள் இருந்தால், முதல் இரவுகளை எப்படிக் கடந்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். குழந்தை உங்களிடம் ஒட்ட எவ்வளவு நாள் ஆனது?