டா நாங் விமான தளத்து விஷ மண்: நேரில் பார்த்தவங்க சொல்லுங்க

வைகைக்கரை:
போன வருஷம் குடும்பத்தோட வியட்நாம் போயிருந்தோம். டா நாங் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிட்டுப் போன டிரைவர் அண்ணனுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். போன்ல மொழிபெயர்ப்பு போட்டுத்தான் பேச்சு. ஓடுபாதையோட வடக்குப் பக்கம் கையைக் காட்டி, "அங்க தாமரைக் குளம். சின்ன வயசுல மீன் பிடிப்போம், நல்லா கொழுத்த மீன்"னார். அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. ராத்திரி ஹோட்டல்ல படிச்சுப் பார்த்தப்பதான் வயித்தைக் கலக்குச்சு. அந்த மண்ணைச் சுத்தம் பண்ற வேலை பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

சைட் ஆசாமி:
நான் இருந்தேன். 2014ல ஒரு துணை ஒப்பந்தக்காரர்கிட்ட, வெப்பநிலை குறிக்கிற வேலை.

அண்ணன் சொன்ன கொழுப்புலதான் விஷயமே இருக்கு. போர்க்காலத்துல அமெரிக்கப் படை காட்டை அழிக்கத் தெளிச்ச 'ஏஜென்ட் ஆரஞ்ச்' மருந்தை அந்த வடக்கு மூலையிலதான் கலந்து விமானத்துல ஏத்துனாங்க. சிந்தினது, பீப்பாய் கழுவினது எல்லாம் குளத்துக்கு ஓடிச்சு. மருந்து மக்கிடும். அதைத் தயாரிக்கும்போது கூடவே உண்டாகிற டையாக்சின் லேசுல மக்காது. தண்ணியில கரையாம சேத்துல ஒட்டிக்கிட்டு, மீனோட கொழுப்புல போய்ச் சேரும்.

தோண்டுறதுக்கு முன்னாடி வெடிக்காத குண்டு கிடக்கான்னு தேடி எடுத்தாங்க. அப்புறம் கான்கிரீட் கட்டையில சுவர் வச்சு, கால்பந்து மைதானம் அளவுக்கு ஒரு தொட்டி. உள்ள சுமார் 45,000 கன மீட்டர் மண். மேல மூடி, நெடுகக் கம்பி இறக்கி, கரண்ட்ல சூடேத்தணும். இலக்கு 335 டிகிரி.

நான் என்னவோ நெருப்பு கொழுந்து விட்டு எரியும்னு நெனச்சுப் போனேன். வெளியில ஒண்ணுமே தெரியாது, பெரிய பெட்டி ஒண்ணு சும்மா நிக்கும். மீட்டரோ 100க்கு வந்து நின்னுடுச்சு. தினம் காலையில சூப்பர்வைசர் "ஏறிச்சா?"ம்பார், நான் "இல்ல சார்"ம்பேன். ஈரம் மொத்தமும் ஆவியாகிற வரைக்கும் ஏறாது. பானையில தண்ணி இருக்கிற வரைக்கும் சோறு அடிப்பிடிக்காதே, அதே கதைதான். வத்தினதும் விறுவிறுன்னு ஏறிச்சு. டையாக்சின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளயே உடைஞ்சிடும். தப்பிச்சு வர்ற ஆவியை உறிஞ்சிக் குளிர வச்சு, கரி வடிகட்டி வழியா விடுவாங்க. வெளிய எடுக்கிற மண்ணுல டையாக்சின் லட்சம் கோடிக்கு 150 பங்குக்குக் கீழ இருந்தாத்தான் பாஸ்.

இதே மாதிரி ரெண்டு தடவை, மொத்தம் ஏறக்குறைய 90,000 கன மீட்டர். 2018 நவம்பர்ல நிலத்தை ஒப்படைச்சாங்க. தெற்கு வியட்நாம்ல இன்னொரு விமான தளமான பியன் ஹோவால இருந்தது 5 லட்சம்! அங்க 2019லதான் தொடங்குனாங்க.

கப்பல்காரன்:
தெளிக்காம மிஞ்சின பீப்பாய்களைப் பசிபிக்ல ஜான்ஸ்டன் தீவுக்குக் கொண்டுபோய் அடுக்கி வச்சு, 1977ல வல்கேனஸ்ங்கிற கப்பல்ல வச்சு நடுக்கடல்லயே எரிச்சாங்க. என்னோட பழைய சீஃப் இன்ஜினியர் இதைச் சொன்னப்ப கதை விடுறார்னு நெனச்சேன்.

வைகைக்கரை:
அந்தப் பக்கம் மீன் சாப்பிட்டோமே, பயப்படணுமா?

சைட் ஆசாமி:
கடல் மீன்னா பயமில்ல. அந்தக் குளத்துல மீன் பிடிக்கிறதை மண்ணைச் சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. முன்னாடி அங்க மீன் பிடிச்ச சிலரோட ரத்தத்தை எடுத்துச் சோதிச்சப்ப அளவு ரொம்ப அதிகமா இருந்துச்சு. டிரைவர் அண்ணன் நம்பர் இருந்தா, அவருக்கு அந்த டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.