அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன்: பேரனைத் தூக்கலாமா?

சாட்ஸ்வர்த் மகள்:
மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து மூன்று வருஷம். இப்போது அம்மாவுக்கு இடுப்பு வலி, அதனால் வெள்ளிக்கிழமை எலும்பு ஸ்கேன். "கதிரியக்க மருந்து ஊசி போட்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுப்போம்" என்றார்கள், அவ்வளவுதான். வீட்டில் ஆறு மாதப் பேரன். அம்மா அவனை இடுப்பை விட்டு இறக்க மாட்டார். என்ன செய்யட்டும்?

பீனிக்ஸ் ஐயா:
வேண்டாம்மா. அந்த மருந்து எங்கே செய்கிறார்கள் தெரியுமா? நம் தென்னாப்பிரிக்காவின் பெலிண்டாபா அணுசக்தி மையத்தில். குண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிய இடம் அதற்குப் பக்கத்தில்தான். ஆறு அணுகுண்டு செய்து, பிரித்தும் போட்டுவிட்டு, 1993இல்தான் அப்போதைய அதிபர் டி கிளர்க் வாயைத் திறந்தார். அவர்கள் "பயமில்லை" என்றால் நான் நம்பணுமா? கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

டர்பன் கேமராக்காரன்:
ஐயா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் குண்டு வேறு, இது வேறு. ஆஸ்பத்திரியில் இந்த ஸ்கேன் கேமராவை இயக்குவதுதான் என் வேலை. பெலிண்டாபாவின் சஃபாரி-1 அணு உலையில் கிடைப்பது மாலிப்டினம்-99 என்ற கதிரியக்கப் பொருள். அது 66 மணி நேரத்தில் பாதியாகும். அப்படிச் சிதையும்போதுதான் ஊசியில் போடும் டெக்னீசியம்-99எம் உண்டாகிறது. மாலிப்டினம் இருக்கும் ஈயக் கூட்டை நாங்கள் மாடு என்போம். காலையில் உப்புநீர் விட்டுக் கறந்தால் டெக்னீசியம் மட்டும் வரும். அதற்கு 6 மணி நேரம்தான் அரை ஆயுள். மறுநாள் அதே நேரம் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். சிறுநீரில் போவது தனிக்கணக்கு.

பீனிக்ஸ் ஐயா:
பதினாறில் ஒன்று சுழி இல்லையே தம்பி.

டர்பன் கேமராக்காரன்:
இல்லைதான். இந்த ஸ்கேனில் அம்மா வாங்கும் கதிர்வீச்சு மொத்தமே சுமார் 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மாவே ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக 2.4 வாங்குகிறார். புற்று எலும்புக்குப் பரவியது எக்ஸ்ரேயில் தெரிய எலும்பு மூன்றில் ஒரு பங்காவது கரைந்திருக்க வேண்டும். இந்த ஸ்கேனில் அதற்கு முன்பே தெரியும். எம்.ஆர்.ஐ. நல்லதுதான், ஆனால் தலை முதல் கால் வரை ஒரே மூச்சில் பார்க்க இதுவே சுலபம்.

மாரிட்ஸ்பர்க் டீச்சர்:
1923இல் ஹெவெசி என்ற வேதியியலாளர் கதிரியக்க ஈயத்தை அவரைச் செடிக்குக் கொடுத்து, அது எங்கே ஏறுகிறது என்று பார்த்தார். 1935இல் எலிகளுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32. எலும்பு கல் மாதிரி கிடப்பதில்லை, ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்று அதில் தெரிந்தது. அம்மாவுக்குப் போடுவதும் பாஸ்பேட் வகை மருந்தோடு கட்டிய டெக்னீசியம்தான். எலும்பு எங்கே மும்முரமாக வேலை செய்கிறதோ அங்கே போய் ஒட்டும்.

பீனிக்ஸ் ஐயா:
எலிக்குப் பேரன் அழுதானா டீச்சர்? அது கிடக்கட்டும். 1965இல் ஓடத் தொடங்கிய உலையை இன்னும் எத்தனை நாள் நம்புவது?

டர்பன் கேமராக்காரன்:
அதில் உங்கள் பக்கம்தான் நானும். 2017 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றபோது பல நாடுகளில் தட்டுப்பாடு. அக்கா, அன்று அம்மா தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், அடிக்கடி கழிப்பறை போகட்டும். பேரனை ஒரு நாள் நீங்கள் தூக்குங்கள். எதிரில் உட்கார்ந்து கொஞ்சலாம்.

சாட்ஸ்வர்த் மகள்:
சொன்னேன். "சனிக்கிழமை மத்தியானம் தூக்கலாமா" என்று இப்போதே பேரம் பேசுகிறார்.

பீனிக்ஸ் ஐயா:
சாயங்காலம் ஆகட்டும்.