ஒன்டாரியோவில் ஏரிக்கரைக் கேபின் எடுக்கும் முன், தண்ணீருக்குள் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள்

மே மாதம் வெயில் லேசாக எட்டிப் பார்த்ததுமே டொராண்டோ பக்கம் புதிதாக வந்தவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "பிள்ளைகளோடு ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்க நல்ல இடம் சொல்லுங்கள்." வரும் பதில்களில் எத்தனை படுக்கை, குளியலறை உள்ளேயா வெளியேயா, வைஃபை உண்டா என்பதெல்லாம் இருக்கும். தண்ணீருக்குள் எப்படி இறங்குவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் முதல் கோடையில் மஸ்கோகா பக்கம் ஒரு கேபின் எடுத்தோம். விளம்பரத்தில் 'வாட்டர்ஃப்ரன்ட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் கரை முழுக்கப் பாறை. மரப்பலகையில் கட்டிய டாக் (படகுத்துறை) ஒன்று தண்ணீருக்குள் நீண்டிருந்தது. அதன் நுனியில் இறங்கினால் எனக்கே கழுத்தளவு. மூன்று வயது மகள் மணல் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, "பீச் எங்கே?" என்று இரண்டு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. 'வாட்டர்ஃப்ரன்ட்' என்றால் அந்த நிலம் தண்ணீரைத் தொடுகிறது, அவ்வளவுதான். 'வாட்டர் வியூ' என்றால் ஜன்னல் வழியே பார்க்கலாம். 'லேக் ஆக்சஸ்' என்றால் தெரு முனையில் எல்லோருக்கும் பொதுவான வழி ஒன்று இருக்கும். மணல் வேண்டுமென்றால் 'சாண்டி பீச்' என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்தாலும் வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கரையிலிருந்து பத்தடி போனால் தண்ணீர் முழங்காலா, இடுப்பா? அடியில் மணலா, சேறா, பாறையா? ஜூலை, ஆகஸ்டில் பாசி ஏறுமா? தண்ணீரில் நின்று கரையைப் பார்த்து எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். தர மனமில்லாதவர் வீட்டை நான் எடுக்க மாட்டேன்.

கூடாரம் போட்டுத் தங்கும் மாகாணப் பார்க்குகளிலும் இதே கதைதான். பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில் இருக்கும் சாண்ட்பேங்க்ஸைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அங்கேயே அவுட்லெட் பீச்சில் வெகுதூரம் நடந்தாலும் ஆழமில்லை, சிறு பிள்ளைகளுக்கு அதுதான். டியூன்ஸ் பீச்சில் மணல்மேடு பார்க்க அழகு, ஆனால் தண்ணீருக்குள் தரை சட்டென்று சரியும். ஒரே பார்க், ஒரே நுழைவுச்சீட்டு, இரண்டு வேறு தண்ணீர்!

ஹூரான் ஏரிக்கரையில் கிராண்ட் பெண்ட் அருகே இருக்கும் பைனரி பார்க்கில் 10 கிலோமீட்டர் மணற்கரை. சூரியன் தண்ணீரில் விழுவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து பக்கத்தில் இல்லை. ஆனால் அங்கே 'ரிவர்சைடு' என்ற முகாம் பகுதியின் பெயரைப் பார்த்துத் தண்ணீரோரம் என்று இடம் எடுத்துவிடாதீர்கள். அது பழைய ஆசபில் கால்வாய்ப் பக்கம், பீச் பக்கம் அல்ல. பீச்சுக்குத்தான் போகிறீர்கள் என்றால் பைனரியிலேயே இருக்கும் டியூன்ஸ் முகாம் பகுதியைப் பாருங்கள். வசாகா பீச்சின் 14 கிலோமீட்டர் மணலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே மாகாணப் பார்க்குக்குள் கூடாரம் போட இடம் கிடையாது, பகலில் போய்வரத்தான். இரவு தங்கத் தனியார் இடம்தான் தேட வேண்டும்.

தண்ணீரின் சூடு இன்னொரு சங்கதி. ஐந்து பேரேரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது, அதனால் சீக்கிரம் சூடாகும். லாங் பாயின்ட், டர்க்கி பாயின்ட் எல்லாம் அந்தக் கரைதான். சுபீரியர் ஆகஸ்டிலும் கால் விறைக்க வைக்கும். மே மாதம் வரும் விக்டோரியா டே விடுமுறையில் வெயில் அடிக்கிறதே என்று நம்பி எந்த ஏரியிலும் பிள்ளைகளை இறக்காதீர்கள், தண்ணீர் இன்னும் சூடாகியிருக்காது. அப்போதுதான் கறுப்பு ஈக்களும் கிளம்பும். குளிக்க என்றே போகிறவர்களுக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் சரியான காலம்.

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: ஒன்டாரியோ மாகாணப் பார்க் பீச்சுகளில் உயிர்காப்பாளர் யாரும் இல்லை. ஏரிதானே, அலை இருக்காது என்று நினைப்போம். ஹூரானிலும் ஈரியிலும் காற்று அடிக்கும் நாளில் இழுநீரோட்டம் வரும். மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியேற வேண்டும். காற்றடைத்த வாத்து, மெத்தை எல்லாம் கரையிலிருந்து காற்று வீசும் நாளில் பிள்ளையோடு உள்ளே போய்விடும். வாத்தை வீட்டில் வைத்துவிட்டு, உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள். பெருமழைக்கு மறுநாள் ஈ.கோலை கிருமி கூடும் என்பதால், கரையில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, முன்பதிவு. மாகாணப் பார்க்குகளில் போய்ச் சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பு, காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை 18 வேண்டுமென்றால் பிப்ரவரி 18 அன்று, பனி கொட்டும் காலையில் எழுந்து உட்கார வேண்டும். சாண்ட்பேங்க்ஸ் போன்ற இடங்களில் வார இறுதி இடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். நடு வாரத்தைப் பாருங்கள். போய்விட்டால் மனம் தளர வேண்டாம், ரத்து செய்கிறவர்கள் நிறைய. முன்பதிவு இணையதளத்திலேயே அறிவிப்பு கேட்டு வைத்தால் காலியானதும் மின்னஞ்சல் வரும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு முகாம் இட எண்ணுக்கும் படம், நிழல், மறைவு எல்லாம் போட்டிருப்பார்கள், பாருங்கள். கழிப்பறைக்கு ஒட்டின இடம் வசதி என்று தோன்றும், இரவு முழுக்கக் கதவுச் சத்தமும் டார்ச் வெளிச்சமும்தான். எதிர்வரிசையில் நாலு இடம் தள்ளி எடுங்கள். ஓர் இடத்துக்கு ஆறு பேர், கட்டணத்தில் ஒரு கார் அடக்கம். நம் ஆட்கள் நான்கு குடும்பமாகக் கிளம்புவோம், எல்லோரும் ஒரே இடத்தில் கூடிக் கச்சேரி வைப்போம். அதிகச் சத்தம் பகலிலும் கூடாது, இதற்கு அபராதமே உண்டு. பெரிய கூட்டம் என்றால் குழு முகாம் என்று தனி இடம் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள்.

கூடாரம் பயமாக இருக்கிறதென்றால் யர்ட் நல்ல நடுவழி. துணியும் மரச்சட்டமும் சேர்த்த வட்டக் குடில், உள்ளே அடுக்குக் கட்டில், மின்சாரம், ஹீட்டர் இருக்கும். போர்வை, தலையணை நாம்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே குழாய் கிடையாது, சமைக்கவும் கூடாது. ரைஸ் குக்கரை உள்ளே வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. பைனரியில் யர்ட்கள் நான் சொன்ன அந்த ரிவர்சைடு பகுதியில் இருக்கின்றன, பீச் பக்கத்தில் அல்ல.

தனியார் காட்டேஜ்கள் ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் கிடைக்கும். மொத்தத் தொகையில் சுத்தம் செய்யும் கட்டணமும் 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரியும் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

விறகை வீட்டிலிருந்து காரில் ஏற்றாதீர்கள், மரங்களைக் கொல்லும் பூச்சி அதோடு பயணம் போகும். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இரவில் சாப்பாடு, குளிர்பெட்டி எல்லாம் காருக்குள் இருக்கட்டும். ரக்கூனுக்கு ஜிப் திறக்கத் தெரியும், நம்புங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். பல ஊர் நூலகங்களில் மாகாணப் பார்க்குகளுக்கான பகல்நேர வாகன அனுமதிச் சீட்டைப் புத்தகம் போலவே இரவல் தருகிறார்கள். இந்தக் கோடையில் இடம் கிடைக்கவில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் போய்வாருங்கள். பீச்சில் இறங்கி நின்று ஆழம் பாருங்கள். திரும்பும் வழியில் முகாம் பகுதியையும் ஒரு சுற்றுச் சுற்றி, பிடித்த இடங்களின் எண்களைக் குறித்து வையுங்கள். பிப்ரவரியில் தேவைப்படும்.