பணம், கழஞ்சு, கிரெய்ன் → கிராம்: ஒவ்வொரு கணக்கிலும் ஒரு விடை வருகிறது, எது சரி?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம்ங்க. ஊர் வாசகசாலையில் பழைய காசுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கிராமில் எடை எழுதி அட்டை வைக்கணும். மூணு இடத்தில் முட்டி நிற்கிறேன்.

வீரராயன் பணம் (“பணம்” என்னும் சின்னத் தங்கக் காசு): பழைய பட்டியலில் 5.7 கிரெய்ன் (ஆங்கிலேய எடை அலகு) என்று இருக்கு. நெட்டில் கிடைத்த அட்டவணையில் பணவெடை 488 மில்லிகிராம். எங்கள் தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும். அதில் ஒரு தடவை 0.3, ஒரு தடவை 0.4, சில சமயம் 0.0.

கோயில் கணக்கு நகலில் “பொன் 10 கழஞ்சு 7 மஞ்சாடி 1 குன்றி” (மூன்றும் பழைய பொன் எடைகள், குன்றிதான் சிறியது). குன்றிக்கு 0.1215 கிராம் போட்டால் 50.42, 0.13 போட்டால் 53.95.

திருவிதாங்கூரில் 4 சக்கரம் (சின்ன வெள்ளிக் காசு) 1 பணம் என்பதால் எக்செலில் சக்கரத்தின் எடையை 4 ஆல் பெருக்கினேன். தங்கப் பணம் 1.5 கிராம் என்று வருது. எங்கே தப்பு?

நிறைகல்:
தம்பி, கிரெய்ன் மட்டும்தான் இதில் வரையறுத்த அலகு: 1 கிரெய்ன் = 0.06479891 கிராம். 5.7 × 0.0648 = 0.369. பட்டியலில் இரண்டு இலக்கம்தான் இருக்கு, அட்டையிலும் 0.37 என்று நிறுத்திக்கோ. 0.36935 என்று எழுதினால் அளக்காத துல்லியத்தைக் காட்டின மாதிரி ஆகிவிடும்.

488 மில்லிகிராம் சித்த மருந்துக் கணக்கு. அதே அட்டவணையில் குன்றி 130 மி.கி., வராகனெடை 4.2 கிராம், கழஞ்சு 5.1 கிராம் என்று இருக்கும், பார். சூரணம் நிறுக்க அது சரி. காசுக்கு ஒத்து வராது: விஜயநகர வராகன் என்னும் பொற்காசு கையில் இருப்பது சுமார் 3.4 கிராம், 4.2 இல்லை. பணமும் அப்படித்தான், 0.35 முதல் 0.38 வரை. பெயர் ஒன்று என்பதால் இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள்.

சக்கரக் கணக்கில் நீ மதிப்பை எடையாக்கிவிட்டாய். 4 சக்கரம் 1 பணம், 7 பணம் 1 திருவிதாங்கூர் ரூபாய் என்பது மாற்று விகிதம். பின்னாளில் வந்த வெள்ளிப் பணம் சுமார் 1.5 கிராம், அதற்கு உன் கணக்கு பொருந்தும். தங்கத்துக்கு எப்படிப் பொருந்தும்? அந்தப் பெருக்கலை எக்செலிலிருந்து எடுத்துவிடு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
புரிஞ்சுதுங்க அண்ணா. அப்போ கழஞ்சுக்கு எந்த எண்?

நிறைகல்:
முதலில் எல்லாவற்றையும் குன்றிக்குக் கொண்டு வா. 1 கழஞ்சு = 20 மஞ்சாடி, 1 மஞ்சாடி = 2 குன்றி. ஆக 400 + 14 + 1 = 415 குன்றி. இதுவரை சந்தேகமே இல்லை. கிராமுக்குப் போகும்போதுதான் தகராறு.

0.1215 என்பது தோலாவிலிருந்து வந்தது: 180 கிரெய்ன் தோலாவை 96 ரத்தியாக (குன்றிக்கு வடநாட்டுப் பெயர்) பிரித்த எண். அது பிரிட்டிஷ் காலத்து வடநாட்டு ஏற்பாடு. 0.13 மருந்துக் கணக்கு. சோழர் பொற்காசான மாடை சுமார் 4.4 கிராம், அதைக் கழஞ்சாக வைத்தால் குன்றி 0.11 தான். 415 குன்றி முறையே 50, 54, 46 கிராம்.

கோயிலுக்குக் கோயில் எடைக்கல் வேறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே பொன்னை “ஆடவல்லான்” என்னும் கல்லால் நிறுத்ததாகவும், நகைகளைத் “தட்சிணமேருவிடங்கன்” என்னும் கல்லால் நிறுத்ததாகவும் தனித்தனியாகச் சொல்லியிருக்கு. உன் நகலில் கல்லின் பெயர் வந்தால் அதைக் கண்டிப்பாக அட்டையில் எழுது. இல்லையென்றால் “415 குன்றி, ஏறத்தாழ 46 – 54 கிராம்”. நடுவில் சராசரி எடுத்து 50 என்று போடாதே. சராசரிக்கு இங்கே அர்த்தமில்லை.

தட்டான்தெரு:
தராசு விஷயம் நான் சொல்றேன். 0.0 காட்டுவது பழுது இல்லீங்க. தட்டு காலியாக இருக்கும்போது வரும் சின்ன எடையை “தூசி, சறுக்கல்” என்று நினைத்துத் தராசே பூஜ்யத்துக்கு இழுத்துக்கொள்ளும். பணத்தை மெதுவாக வைத்தால் அப்படியே விழுங்கிடும். முதலில் ஒரு 5 ரூபாய் நாணயத்தை வைங்க (2011 வரிசை 6 கிராம்), எண்ணைக் குறிச்சுக்குங்க, அதன் மேல் பணத்தை வைத்து வித்தியாசம் பாருங்க. நடுவில் டேர் பொத்தானை (திரையைப் பூஜ்யமாக்குவது) தொடாதீங்க, தொட்டால் பழையபடி விழுங்கும்.

ஆனாலும் 0.1 கிராம் தராசால் 0.37 ஐ நிறுப்பது வீண். 0.001 கிராம் காட்டுவதுதான் வேணும், நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவாங்க. சொந்தமாக வாங்கினால் எம்1 என்னும் துல்லிய வகுப்பைச் சேர்ந்த 20 கிராம் எடைக்கல்லால் சரிபாருங்க. அதன் பிழை 2.5 மி.கி. தான், பணத்தின் எடைக்கு வரும்போது அது கண்ணுக்கே தெரியாது. ஃபேனை நிறுத்துங்க, கண்ணாடி மூடியைப் போடுங்க, பிளாஸ்டிக் முனை இடுக்கியால் எடுங்க. அஞ்சு தடவை வைத்து எடுத்து நடு எண்ணை எழுதுங்க.

மோட் பொத்தான் தெரியாமல் அழுந்தினால் கிராமுக்குப் பதில் காரட்டோ கிரெய்னோ வரும். 0.37 கிராம் பணம் காரட்டில் 1.85, கிரெய்னில் 5.71. எண் விசித்திரமாக இருந்தால் முதலில் திரை ஓரத்தைப் பாருங்க. அழுக்கு எடையைக் கூட்டிக் காட்டும் என்று புளி போட்டுத் தேய்க்கவோ, துலக்கவோ வேண்டாம்; போன உலோகம் திரும்ப வராது.

எல்லைப்புறத்தான்:
ஒரு சின்ன சேர்க்கை. பவுன் நாணயமும் வைக்கிறீங்கன்னா, கடையில் 8 கிராம் ஒரு பவுன். இங்கிலாந்து சவரன் நாணயம் 7.988 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32. அட்டையில் 8 என்று எழுதாதீங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. இரண்டு பணத்தில் மாலையில் கோர்க்க வளையம் பற்ற வைத்திருக்கு. அதை எப்படி எழுத?

தட்டான்தெரு:
அறுத்துடாதீங்க. வளையத்தோடு நிறுத்து “வளையத்துடன்” என்று எழுதுங்க. பணத்தின் சராசரி எடை பார்க்கும்போது அந்த இரண்டையும் சேர்க்க வேண்டாம்.